எண்ணும் ஏறியது... சர்க்கரையும் ஏறியது!

சென்ற இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "அடுத்த முறை என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல இன்னொருத்தி ஏமாறாமல் இருந்தால் அந்த வெட்கத்துக்கும் ஒரு பலன் உண்டு அல்லவா?

என் மாமியாருக்கு வயது 72. இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையும் இரவும் மாத்திரை. தினம் காலையில் வாசலைச் சுற்றிப் பத்து நடை நடப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் எங்கள் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில் 'இலவச உடல்நல முகாம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். இலவசம் என்றால் நமக்குத்தான் கால் நிற்காதே! மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இஸ்திரிப் பெட்டி அளவில் ஒரு கருவி. அதில் நீல வெளிச்சம் வரும் ஒரு ஜன்னல். உள்ளங்கையை அதன்மேல் ஒரு நிமிஷம் வைத்தால் போதும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு சீட்டில் எண் வருகிறது. சிவப்புக் கட்டம், மஞ்சள் கட்டம், பச்சைக் கட்டம் என்று பக்கத்திலேயே பட்டியலும் இருக்கிறது. என் மாமியாரின் எண் சிவப்பில் விழுந்தது.

கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன், "பாட்டிம்மா, உங்க உடம்புல ஆன்டி ஆக்ஸிடன்ட் ரொம்பக் குறைவா இருக்கு. அதனாலதான் சர்க்கரையே வந்திருக்கு" என்றான். அவரது முகம் அப்படியே வாடிவிட்டது. மாதம் 3,800 ரூபாய்க்கு ஒரு டப்பி மாத்திரை. "எதுக்கும்மா இவ்வளவு செலவு?" என்று அவர் தடுத்தும் நான் கேட்கவில்லை. சீட்டுப் பணம் கையில் இருந்தது. "உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன் அத்தை?" என்று வாங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி முகாம். மறுபடி உள்ளங்கை, மறுபடி நீல வெளிச்சம். எண் விறுவிறுவென்று ஏறிப் பச்சைக் கட்டத்துக்கு வந்துவிட்டது! அன்றைக்கு என் மாமியாருக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி முடியாது. அந்தச் சீட்டைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தெருவில் பத்துப் பேருக்காவது காட்டியிருப்பார். எனக்கும் பெருமைதான்.

மூன்றாவது மாதம் செருப்புக் கடித்து வலது காலில் ஒரு கொப்புளம். சின்னது. மஞ்சள் வைத்தோம், களிம்பு போட்டோம், ஆறவில்லை. பத்து நாளில் அது புண்ணாகி ஓரம் கறுத்தது. பதறிப்போய் எங்கள் டாக்டரம்மாவிடம் ஓடினோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 268. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில், வழக்கமாக 7.4 இருப்பது 10.1 என்று வந்தது.

"மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "தவறாம சாப்பிடறாங்க" என்று நான்தான் பதில் சொன்னேன். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். "நம்பர்தான் பச்சைக்கு வந்திடுச்சே! போகப்போக அந்த மாத்திரையே வேண்டாம்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. உனக்கும் ஒரு செலவு மிச்சம்னு நெனச்சேன்" என்று கண்கலங்கினார். நான் என்ன சொல்ல? காசு கொடுத்தது நான். தினம் தண்ணீரோடு அந்த டப்பி மாத்திரையை எடுத்து நீட்டினதும் நான். பழைய மாத்திரை குறைகிறதா என்று பார்க்காமல் விட்டதும் நானேதான்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தக் கருவி பொய் சொல்லலே. அது அளக்கறது வேற, நீங்க நினைச்சது வேற" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அப்படியானால் அது அளப்பது என்ன?

பதில் கிடைத்தது என் அக்கா மகளிடம். எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். அவளுடைய கல்லூரியில் கண்காட்சி. "சித்தி, நீங்க அவசியம் வரணும்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

"சித்தி, வாழைக்காயை நறுக்கினதும் ஏன் தண்ணியிலே போடறீங்க?" என்று ஆரம்பித்தாள்.

"போடலேன்னா கறுத்துப் போகும்."

"அதுதான் ஆக்ஸிகரணம். காற்றிலே இருக்கிற ஆக்ஸிஜன் செய்யற வேலை. எண்ணெய் நாள்பட்டுக் காறல் வாடை வர்றதும் அதுதான். அதைத் தடுக்கிற பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட்னு பேரு. எலுமிச்சை, நெல்லிக்காய், தேயிலை, மஞ்சள், கீரை எல்லாத்திலேயும் இருக்கு."

அடடே, இது நம் பாட்டிமார் அறிந்த சங்கதிதான்! நெய் உருக்கும்போது முருங்கைக்கீரையோ வெற்றிலையோ கிள்ளிப் போடுவது வாசனைக்கு மட்டுமா, நெய் கெடாமல் இருப்பதற்கும்தானே?

மேஜைமேல் கண்ணாடிக் குழாய்களில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம். அதற்கு டி.பி.பி.எச். என்று பெயர். முதல் குழாயில் நெல்லிச்சாறு சில துளி விட்டாள். ஊதா மறைந்து வெளிர் மஞ்சள் ஆயிற்று. இரண்டாவதில் தேயிலைத் தண்ணீர். அதுவும் அப்படியே. மூன்றாவதில் வெறும் தண்ணீர்; நிறம் அப்படியே நின்றது. நாம் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்கிறதே, அதே மாதிரி கண்ணெதிரே நிற மாற்றம். ஆரத்தியில் நிறத்தை மாற்றுவது சுண்ணாம்பின் காரம். இங்கே மாற்றுவது ஆன்டி ஆக்ஸிடன்ட். நிறம் எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் ஒளியைக் குழாய்க்குள் செலுத்தி, எவ்வளவு வெளியே வருகிறது என்று கருவியால் அளக்கிறார்கள். ஒளியைக் கொண்டு அளப்பதால்தான் இவற்றுக்கு ஒளி உணரிகள் என்று பெயர்.

இந்த மாதிரி நிறப் பரிசோதனைகள் பல இருக்கின்றன. 1996-ல் ஐரிஸ் பென்ஸி என்ற பெண் விஞ்ஞானியும் ஸ்ட்ரெயின் என்பவரும் இரும்பை வைத்து ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் பட்டதும் கரும் நீலம் உண்டாகும். 2004-ல் துருக்கியில் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெஷாத் அபாக் குழுவினர் செம்பை வைத்து ஒரு முறை கண்டார்கள். வெளிர் நீலமாக இருக்கும் செம்புக் கலவை, ஆன்டி ஆக்ஸிடன்ட் பட்டதும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிவிடும்.

செம்பு என்றதும் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. 1980-களின் கடைசி. அப்போது வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி ஏது? பெனடிக்ட் கரைசல் என்று நீல மருந்து ஒரு பாட்டில் இருக்கும். சோதனைக் குழாயில் 5 மில்லி ஊற்றி, சிறுநீர் 8 சொட்டு விட்டு, பாட்டி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் தாத்தாவுக்கு அன்று ஒரு மைசூர்பாகு. பச்சையானால் பாதி. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போனால் தாத்தா பட்டினிதான்! அந்த நீலமும் செம்பின் நீலம்தான். சர்க்கரை அதை மாற்றிவிடும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது இதைச் செய்திருப்பார்கள்.

"அதே செம்புதான் சித்தி, ஆனா இது ரொம்பச் சூட்சுமம்" என்று சிரித்தாள் அவள். அந்த இஸ்தான்புல் குழுவினரே 2010-ல் இன்னொன்று செய்தார்களாம். செம்புக் கலவையைக் குழாயில் ஊற்றாமல், கண்ணாடிபோல் தெளிவான ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டில் ஏற்றிவிட்டார்கள். அந்தத் துண்டைப் பழச்சாற்றில் நனைத்தால் ஏடே நிறம் மாறும். அதை ஒளியில் வைத்து அளந்தால் முடிந்தது. செலவும் குறைவு, இடமும் குறைவு. கடையில் விற்கும் பழச்சாறுகளை இப்படிப் பரிசோதித்துக் காட்டினார்கள். பழச்சாறு கிடங்கில் எத்தனை நாள் சத்துக் குறையாமல் இருக்கிறது, எந்தத் தேயிலை நல்ல தேயிலை, எந்த எண்ணெய் சீக்கிரம் காறும் என்று பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆக, ஒளி உணரி கெட்டதல்ல. அதை வைத்து நம்மிடம் சொல்லப்படும் கதையில்தான் வில்லங்கம்.

"அப்போ அந்த உள்ளங்கைக் கருவி?" என்று கேட்டேன்.

"அந்த வகைக் கருவி சிலதுலே நடக்கறது நம்ம ஊர்க்காரர் கண்டுபிடிச்ச விஷயம் சித்தி" என்றாள். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்த ராமன் விளைவு! அந்த நாளைக் கொண்டாடத்தான் பிப்ரவரி 28. நீல ஒளி தோலின்மேல் பட்டதும், அங்கே தங்கியிருக்கும் கரோட்டின் வகைச் சாயங்கள் அதில் ஒரு துளியைச் சற்றே நிறம் மாற்றித் திருப்பி அனுப்பும். கருவி அந்தத் துளியைப் பிடித்து அளந்து எண்ணாகச் சொல்கிறது. கரோட்டின் என்பது கேரட்டிலும் பப்பாளியிலும் கீரையிலும் இருப்பது. டப்பி மாத்திரையிலும் அதைத்தான் அடைத்திருந்தார்கள். சாப்பிட்டது தோலில் சேர்ந்தது, எண் ஏறியது. அவ்வளவுதான்! அந்த எண்ணுக்கு ரத்தச் சர்க்கரையைத் தெரியாது. சிறுநீரகத்தைத் தெரியாது. உடம்பிலுள்ள மற்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்களைக்கூடத் தெரியாது.

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். 3,800 ரூபாய் கொடுத்து, மாமியாரின் தோலுக்குக் கேரட் சாயம் ஏற்றியிருக்கிறேன்!

"சரி, ரத்தத்தை எடுத்து மொத்த ஆன்டி ஆக்ஸிடன்ட் பார்த்தால் உண்மை தெரியுமா?" என்று கேட்டேன். அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரும்பை வைத்துப் பார்க்கும் முறையில், ரத்தத்தில் வரும் எண்ணில் பாதிக்கும் மேலான பங்கு யூரிக் அமிலத்துடையதாம். மூட்டு வீங்கும் கௌட் நோய்க்குக் காரணமான அதே யூரிக் அமிலம்! சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோதும் அது ரத்தத்தில் கூடும். அப்போது எண் பிரமாதமாக இருக்கும், ஆள் படுத்திருப்பார். அதனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த எண் உதவும். நாம் அதைப் பார்த்து மருந்தை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடாது.

டப்பாக்களில் அச்சிடும் எண்களும் இப்படியே. ஓராக் என்ற அளவைப்படி உணவுகளின் பட்டியல் ஒன்றை அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்டிருந்தது. 2012-ல் அதை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே காரணம். அந்த வகைப் பட்டியலில் கிராம்பு போன்றவை உச்சியில் இருக்கும். கணக்கு 100 கிராமுக்கு. 100 கிராம் கிராம்பை யாராவது சாப்பிடுவார்களா? ரசத்தில் ஒன்று கூடப் போனாலே வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்!

'கூடுதலாகச் சாப்பிட்டால் நல்லதுதானே, கெடுதல் என்ன?' என்று நானும் நினைத்திருந்தேன். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1994-ல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேரட் சாப்பிட்டால் இப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். அது உணவு, இது நாள்தோறும் விழுங்கும் பெரிய அளவு மாத்திரை. உங்கள் வீட்டுக்காரரோ அண்ணனோ புகை பிடிப்பவராக இருந்தால் இதை மறக்காதீர்கள்.

இனி, இந்த வாசத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கருவி எண் காட்டினாலும், 'இது எதை அளக்கிறது?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் எதையும் வாங்காதீர்கள். அளப்பவரும் விற்பவரும் ஒருவரே என்றால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை.

2. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. பெரியவர்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று வாயால் கேட்டால் போதாது. அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள்.

3. சத்து மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டரிடமும் பரிசோதனைக் கூடத்திலும் சொல்லுங்கள். முக்கியமாக வைட்டமின் சி. அதிக அளவில் சாப்பிட்டால், சிறுநீரில் இருக்கும் சர்க்கரையையும் ரத்தத்தையும் பரிசோதனைத் துண்டில் தெரியாமல் அது மறைத்துவிடலாம். விரலில் குத்திப் பார்க்கும் சில வகைக் கருவிகளில் சர்க்கரையை உண்மையைவிடக் கூட்டியும் காட்டலாம்.

4. சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். சிறு கொப்புளமானாலும் கை வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

5. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, பப்பாளி, தக்காளி என்று பல நிறத்தில் காய் கனிகள் வாரம் முழுவதும் சமையலில் இருக்கட்டும். கீரையைக் கழுவிவிட்டு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு வீட்டிலேயே இந்த வேடிக்கையைக் காட்டலாம். ஒரு பழைய கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர். அதில் வடித்த கஞ்சி ஒரு ஸ்பூன். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இரண்டு சொட்டு விடுங்கள், கறுநீலமாகும். இப்போது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். எத்தனையாவது சொட்டில் நிறம் மறைகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். புதிதாகப் பிழிந்த சாற்றையும் இரண்டு நாள் திறந்து வைத்த சாற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி செய்கிற வேலை இது. நம் கண்தான் இங்கே ஒளி உணரி! முடிந்ததும் கொட்டிவிடுங்கள். யாரும் வாயில் வைக்கக் கூடாது. துணியில் பட்டால் கறை படியும், ஜாக்கிரதை.

என் மாமியாரின் கால் ஆற ஏழு வாரம் பிடித்தது. ஒரு கட்டத்தில் விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டரம்மா சந்தேகப்பட்ட இரவில் நான் தூங்கவே இல்லை. தெய்வ கிருபையாலும் டாக்டரம்மாவின் கைராசியாலும் விரல் தப்பியது. இப்போது சர்க்கரை மறுபடி கட்டுக்குள் வந்திருக்கிறது.

பச்சைக் கட்டம் போட்ட அந்தச் சீட்டை அவரே எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார். அந்த இடத்தில் இப்போது மாத்திரை டப்பா இருக்கிறது. தினம் இரவு சாப்பிட்டதும் வாயில் போடுவதற்கு முன், மாத்திரையை உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டி, "பார்த்துக்கம்மா, அப்புறம் என்னைக் கேட்காதே" என்பார். நான் பார்த்து, "சரி அத்தை" என்று சொன்ன பிறகுதான் தண்ணீரை எடுப்பார். முன்பு அந்தக் கையை நீல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது சமையலறை விளக்கிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையை இன்றைக்கே ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் மழைக்காலத்தில் பருப்பு, அரிசியில் பூச்சி வராமல் காப்பதைப் பற்றிப் பேசுவோம். வரட்டுமா?